பிரதி உள்ள இடம்

ஒரு புத்தகம் மேற்கோள் காட்டிய நூல்களின் பெயர்களை அடுக்கிய உசாத்துணைப் பட்டியலை யாரும் வாசிப்பதில்லை. புத்தகத்தை முடித்தவர் அந்தக் கடைசிப் பக்கங்களை அப்படியே தள்ளிவிட்டு அட்டையை மூடுவார். எழுதியவரின் வீட்டுக்காரர்கள்கூட வாசிக்க மாட்டார்கள். நான் மட்டும் பல வருடங்களாக அவற்றை வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை.

பழைய முஸ்லிம் தமிழ் நூல்களையும் அவற்றைப் பற்றிய ஆய்வுகளையும் இணையத்தில் ஏற்றுகிற ஒரு சின்ன மின்னூலகத்துக்காக, கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் எங்கள் வீட்டு முன் காம்பராவில் இருந்து மடிக்கணினியில் செய்கிற வேலை. ஒரு நூற்குறிப்பில் எழுதியவர் பெயர், நூற்பெயர், அச்சுக்கூடம், ஊர், ஆண்டு எல்லாம் ஒரே வரியில் ஓடும். மனுசருக்கு இடையில் ஒரு காற்புள்ளி போதும், பிரித்துப் பார்த்துக்கொள்வார். கணினிக்கு அது போதாது. இது ஆசிரியர், இங்கே தொடங்கி இங்கே முடிகிறார், இது நூற்பெயர், இது ஊர் என்று ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் கோண அடைப்புக்குள் ஒரு குறி வைக்க வேண்டும். வீடு மாறும்போது பெட்டிக்குப் பெட்டி ‘குசினிச் சாமான்’, ‘உடுப்பு’ என்று எழுதி ஒட்டுவோமே, அதுபோலத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் இப்படித்தான் விளக்கம் சொல்வேன். அப்போதும் “அப்ப நீங்க டைப்பிங்கா?” என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் மின்னூலகத்துக்கென்று ஒரு தனி விதி இருந்தது. ஒவ்வொரு நூற்குறிப்பின் முடிவிலும் ‘பிரதி உள்ள இடம்’ என்ற குறி கட்டாயம் இருக்க வேண்டும். காரணம் நியாயமானது. எங்கள் பழைய புத்தகங்கள் பெரிய நூலகங்களில் இருப்பது குறைவு. யாராவது ஒரு மௌலவியின் வீட்டிலோ, யாராவது ஒரு கடைக்காரரின் அலுமாரியிலோ, கலியாணப் பட்டுக்கும் காணி உறுதிக்கும் நடுவில் கிடக்கும். பிரதி தந்து உதவியவரின் பெயரைப் போட்டு நன்றி சொல்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். அந்த நன்றியைத்தான் நாங்கள் குறியாக்கி வைத்திருந்தோம். உரியவரின் பெயர், அவர் வீடு இருக்கிற ஒழுங்கை, ஊர். அதை விட்டுவிட்டால் சரிபார்க்கிற நிரல் சிவப்புக் கோடு போடும். ஒரு சிவப்புக் கோடு இருந்தாலும் முழுக் கோப்பையும் ஏற்காது.

அப்படிப் பெயர் ஏறியவர்களில் என் வாப்பாவும் ஒருவர். திகன மெயின் ரோட்டில் ஆணி, கம்பி, பெயின்ட் விற்கிற கடை அவருடையது. எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரி நிறைய, குடும்பத்தில் வழிவழியாக வந்த அறபுத் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. அறபுத் தமிழ் என்றால் மொழி தமிழ், எழுத்து அறபு. பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம், காய்ச்சலுக்கு என்ன கஷாயம், மாமியாரோடு எப்படிப் பேச வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. வாப்பாவுக்கு அவற்றைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்க வரும். ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் குறியிட்டு, அதன் அடியில் அவர் பெயரை நான் போட்ட நாளிலிருந்து மனுசனுக்குத் தரையில் கால் பாவவில்லை. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

“பாருங்க ஹாஜியார், லண்டன்ல ஈக்கிறவனுக்கும் இந்தப் பொத்தகம் வேணும் என்டா எங்கட வீட்டுக்குத்தான் வரோணும்.”

“வந்தா யாரு ஆக்கிப் போடுற?” என்று உம்மா குசினியிலிருந்து கேட்பார்.

பிறகு முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எங்கள் ரோட்டில் கடைகள் எரிந்தன. எங்கள் கடையின் ஷட்டர் வளைந்து, முன்னால் இருந்த பெயின்ட் டின்கள் வெடித்தன. அந்தப் பயம் கண்ணுக்கு முன்னால் வந்தது, எரித்தது, போனது. அடுத்த வருடம் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தபோது வந்த பயம் வேறு. குண்டு வைத்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப் போலவே இருந்தன. அவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. கும்பிடப் போன அத்தனை சனத்தைக் கொன்றார்கள். மிச்சமிருந்த எங்களைப் பதில் சொல்ல விட்டுவிட்டுப் போனார்கள்.

பொலிஸும் ஆமியும் வீடு வீடாகச் சோதனை செய்யத் தொடங்கினார்கள். ஆயுதம் தேடுவதை யாரும் பிழை சொல்லவில்லை. ஆனால் புத்தகம் வைத்திருந்தவர்களையும் கொண்டுபோகிறார்களாம், அறபு எழுத்தில் ஒரு தாள் இருந்தாலும் விசாரணையாம் என்று கதை வந்தது. அதில் எவ்வளவு உண்மை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்கள் ஒழுங்கையில் பின்வளவுகளில் புகை எழுந்தது. தெல்தெனியப் பக்கம் போய், சாக்கில் கட்டி, அணைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தவர்களும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கஷாயப் புத்தகம் என்று சொல்லித் தப்பலாமே என்று முதலில் நினைத்தேன். அறபும் தெரியாத, தமிழும் தெரியாத ஒருவரிடம், அறபு எழுத்தில் இருக்கிற இது தமிழ் என்று எப்படி விளங்க வைப்பது? சொல்லிப் பார்த்தால் எனக்கே பொய் போல இருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை, வழக்கம்போல வேலைக்கு உட்கார்ந்தேன். வீட்டில் சும்மா இருந்தால் பயம் கூடும் என்றுதான் உட்கார்ந்தேன். புதிய ஆய்வொன்றில் வந்திருந்த எங்கள் வீட்டுப் புத்தகம் ஒன்றின் நூற்குறிப்புக்கு ஆசிரியர், நூற்பெயர், ஊர் என்று குறி வைத்துக்கொண்டே வந்து, ‘பிரதி உள்ள இடம்’ என்ற குறிக்குள் வாப்பாவின் பெயரைத் தட்டத் தொடங்கினேன். பாதிப் பெயரில் விரல் நின்றுவிட்டது.

அப்போதுதான் விளங்கியது. அறபு எழுத்தில் நூலின் பெயர், அதன் கீழே ஆளின் பெயர், ஒழுங்கை, ஊர். தேடி வருகிறவருக்கு இதைவிடத் துப்பரவாக ஒருவரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒன்றல்ல, அலுமாரியில் இருந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் இப்படி எழுதி, யாரும் தேடிப் பார்க்கக்கூடியதாக இணையத்தில் ஏற்றியிருந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சம்பளமும் வாங்கிக்கொண்டு வைத்திருந்தேன்.

மின்னூலகத்தின் பொறுப்பாசிரியருக்குப் போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்தவர், கண்டி டவுனில் நெடுநாளாக இருக்கிறார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“அக்கா, வாப்பாட பேர எல்லாத்திலயும் எடுக்கணும். இப்பவே எடுக்கணும்.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை.

“ஓம் தங்கச்சி, விளங்குது. ஆனா அந்தக் குறியை எடுத்தா கோப்பு செல்லாது, தெரியும்தானே. வெறுமையா விட்டாலும் சிவப்பாத்தான் வரும்.”

“அப்ப ஒரு பொய்ப் பேர் போடவா?”

“நீர் போடுற பேரில உண்மையா ஒரு ஆள் இருந்தா?”

யாரோ ஒரு அப்பாவியின் வாசலில் பொலிஸ் ஜீப் நிற்பதை நினைத்தேன்.

“நான் விதியை மாத்துவிக்கிறன்,” என்றார் அக்கா. “நிரல் எழுதினவர் வெளிநாட்டில. அவரைப் பிடிச்சுச் செய்விக்க ரெண்டொரு நாள் எடுக்கும். நீர் பயப்பிடாதையும். அதுக்கிடையில வீட்டில என்ன இருக்கோ அதைப் பாரும். நாங்கள் எங்கட பக்கம் சண்டை நடந்த காலத்தில படம், கடிதம் எண்டு எத்தினை தரம் மண்ணுக்குள்ள தாட்டனாங்கள்.”

போனை வைத்த பிறகுதான் எனக்கு இன்னும் பயம் பிடித்தது.

வீட்டில் இருந்ததை உம்மா பார்த்துக்கொண்டார். எரிக்கிற பேச்சை எடுக்க விடவில்லை. நான் குளித்துவிட்டு வந்தபோது அலுமாரி காலியாக இருந்தது. வாப்பாவின் சேர்ட்டில் ஒட்டடை ஒட்டியிருந்தது, குசினி மூலையில் இருந்த உரப்பைகளைக் காணவில்லை.

“எங்க வெச்சீங்க?”

“ஒனக்குத் தெரிய வேணாம் மகள்,” என்றார் உம்மா. “தெரியாட்டி சொல்ல மாட்டாய்தானே.”

எந்தப் புத்தகம் யாருடைய வீட்டில் இருக்கிறது என்று எழுதுவதே தொழிலாக இருந்தவள் நான். எங்கள் வீட்டுப் புத்தகங்கள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

விதி மாறுவதற்கு முன்னால் சோதனை வந்துவிட்டது. ஒரு முற்பகலில் ஒழுங்கை முனையில் வாகனம் நின்ற சத்தம் கேட்டது. பக்கத்து வீடுகளில் கேட் திறக்கிற சத்தம் ஒவ்வொன்றாக எங்களை நோக்கி வந்தது. வந்தவர்களில் மூத்தவர் எங்கள் வாசலில் நின்று, சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். அந்த மரியாதை என் பயத்தைக் கூட்டியது. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காம்பராக்களைப் பார்த்தார்கள், மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்கள், குசினியில் அரிசி வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். கடைசியாக மூத்தவர் முன் காம்பராவுக்கு வந்து கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றார். இவ்வளவு பெரிய அலுமாரி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். நானும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். தட்டுகளில், புத்தகங்கள் நின்ற இடங்கள் மட்டும் தூசி இல்லாமல் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஒளித்து வைக்கத் தெரிந்த எங்களுக்குத் துடைத்து வைக்கத் தெரியவில்லை.

கடைச் சாமான் வைக்க எடுத்திருக்கிறோம் என்று வாப்பா சொன்னார். மூத்தவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். மேசையில் என் மடிக்கணினி, விதி மாறியதும் திருத்துவதற்காக எடுத்து வைத்த நூற்குறிப்புகளோடு, திறந்தபடியே இருந்தது. அதை மூடியாவது வைத்திருக்கலாம். வாகனச் சத்தம் கேட்ட நேரத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

“மேக்க மொக்கத்த, நங்கி?” இது என்ன தங்கச்சி என்று கேட்டார்.

திகனயில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. நூற்குறிப்புக்குக் குறியிடுவது என்பதை எப்படிச் சொல்ல? தமிழில் சொன்னாலே எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் விளங்காது. திரையில் கோண அடைப்புகள், இங்கிலீஷ் எழுத்துக் குறிகள், தமிழ்ப் பெயர்கள், நடுநடுவே அறபு எழுத்து. பார்க்கிறவருக்கு என்ன தோன்றும் என்று எனக்கே தோன்றியது. புத்தகங்களின் பெயர்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

“பொத் கோ?”

புத்தகங்கள் எங்கே? இரண்டே சொல். என் வேலை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான். பதில் அவருடைய மூக்குக்கு முன்னால், குறிக்குள் ஒழுங்காக இருந்தது. தமிழில் இருந்ததால் மட்டும்தான் தப்பினோம்.

புத்தகங்கள் இல்லை, பெயர்கள் மட்டும்தான் என்றேன். அவர் குனிந்து அறபு எழுத்து இருந்த வரியைப் பார்த்தார். பிறகு அதற்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். அந்த விரலுக்கு அடியில் வாப்பாவின் பெயர் இருந்தது.

“லியப்பு கெனா,” என்றேன். எழுதிய ஆள். அது போதாதென்று என் வாய் தானாகச் சேர்த்தது. “மெரிலா.” செத்துவிட்டார்.

வாப்பா எனக்குப் பக்கத்தில் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் அழுதிருப்பேன்.

வந்தவர் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். உம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். “ஹரி நங்கி,” சரி தங்கச்சி, என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அந்தப் படத்தைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் போதும். செத்துவிட்டார் என்று நான் சொன்ன ஆளின் பெயரும், அந்த ஆளின் வீடாக நாங்கள் நின்ற வீடும் அதில் இருக்கின்றன. பொய் சொன்னதற்கே பிடிக்கலாம். உம்மா என்மேல் பாய்ந்தார்.

“மவுத்தென்டு என்னத்துக்குச் சென்னாய்? வாயில நல்லது ஒன்டு வராதா?”

“அவளுக்கு ஏசாதீங்க,” என்றார் வாப்பா. “மவுத்தானவனத் தேடி யாரு வாரது?” சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா போன் எடுத்தார். விதி மாறிவிட்டது, இனி ‘தனியார் வசம், விவரம் இல்லை’ என்று போட்டால் நிரல் ஏற்கும் என்றார். உடனே உட்கார்ந்தேன். வாப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்தார். ஒவ்வொரு நூற்குறிப்பாகத் திறந்து, அவர் பெயரையும் ஒழுங்கையையும் அழித்து, புதிய வாசகத்தைப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் “போய்ட்டா?” என்று கேட்டார். “ஓ வாப்பா, போய்ட்டு,” என்றேன். முடிந்ததும் சரிபார்த்தேன், ஒரு சிவப்புக் கோடும் இல்லை. அவர் எழும்பிக் கடைக்குப் போனார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வந்தது ஆத்திரம்தான். யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

எங்கள் பக்கத்தில் இருந்ததைத்தான் அழிக்க முடிந்தது. முன்பே இறக்கி வைத்துக்கொண்டவர்களின் கணினிகளில் இருப்பதை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டேன். “அது எங்கட கையில இல்லைத் தங்கச்சி,” என்றார்.

படம் பிடித்தவர் திரும்பி வரவேயில்லை. மாதங்கள் போயின, வருடங்களும் போயின. சோதனைகள் நின்றன, கடைக்குச் சிங்கள வாடிக்கையாளர்கள் பழையபடி வந்தார்கள். ஆனால் வராமல் விட்டார் என்று எங்கள் மூன்று பேருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. இன்னும் வரவில்லை என்றுதான் தோன்றியது. ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் வேகம் குறைத்தால் வாப்பா சாப்பாட்டில் வைத்த கையை அப்படியே நிறுத்துவார். அது கடந்து போன பிறகுதான் அடுத்த பிடி வாய்க்குப் போகும். அலுமாரியில் உம்மா கோப்பை பீங்கான் அடுக்கிவிட்டார். புத்தகங்கள் எங்கே என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதுகில் பை, நெற்றியில் சின்னப் பொட்டு, தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பேச்சு. குண்டசாலையில் பஸ் மாறி வந்ததாகவும், நாலைந்து வீட்டில் விசாரித்தும் ஒருவரும் தெரியும் என்று சொல்லவில்லை என்றும் சொன்னாள். நான் கதிரை கொடுத்து உட்கார வைத்தேன்.

“பழைய வைத்தியப் பொஸ்தகங்களப் பத்தி ஆராய்ச்சி பண்றேங்க,” என்றாள். “அறபுத் தமிழ் வாசிக்கவே ஒரு வருசமா படிச்சேன். புள்ளத்தாச்சிகளுக்கான பொஸ்தகம் ஒன்னு, கொழும்புல இல்ல, கண்டியில இல்ல. இவங்ககிட்ட மட்டுந்தான் இருக்குன்னு போட்டிருக்குங்க.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். யாரோ எப்போதோ இறக்கி வைத்திருந்த எங்கள் பழைய பக்கத்தின் அச்சுப் பிரதி. நான் குறியிட்ட நூற்குறிப்பு. அறபு எழுத்தில் நூற்பெயர், அதன் கீழே பிரதி உள்ள இடம், பெயர், ஒழுங்கை, ஊர். நாங்கள் அந்தக் குறியை வைத்ததே இப்படி ஒருத்தி என்றைக்காவது வாசலுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். அவள் வந்துவிட்டாள். நானோ வாசலுக்கு வெளியே வேறு யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

வாப்பா உள்ளே இருந்து வந்தார். தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்று வாசித்தார். அவருடைய பெயரில் பெருவிரல் கொஞ்ச நேரம் நின்றது. சொல்லிவிடுங்கள் வாப்பா, நான்தான் அது என்று சொல்லிவிடுங்கள் என்று எனக்குள் ஒன்று கெஞ்சியது. சொல்லிவிடுவாரோ என்று அதே நேரம் பயந்தும் செத்தேன்.

“இது வேற யாரோ ஆளு மகள்,” என்றார். “இந்த ஒழுங்கைல இப்பிடிப் பேர்ல ஒத்தரும் இல்ல.”

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, உங்களுக்காச்சும் இவரு யாருன்னு தெரியுங்களா?”

வாப்பா தாளைத் திருப்பிக் கொடுக்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார்.

“தெரியாது தங்கச்சி,” என்றேன்.